ஒரு கல்லின் புண்ணியம்

போதிதர்மர் பெயர் தமிழ் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. 2011இல் ‘ஏழாம் அறிவு’ வெளிவந்த பிறகு அவரைக் காஞ்சிபுரத்து இளவரசராகவே பலரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அவரோடு சேர்ந்து ஒரு கதையும் பரவியிருக்கிறது. சீனத்தில் லியாங் அரசமரபை நிறுவிய பேரரசர் ஊ, தான் எழுப்பிய விகாரைகளையும் துறவு ஏற்க உதவிய பிட்சுக்களையும் சொல்லி, இதனால் தனக்கு எவ்வளவு புண்ணியம் என்று கேட்டாராம். ஒன்றுமே இல்லை என்று போதிதர்மர் சொன்னாராம். இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு, அசல் பௌத்தம் தூய அறிவுநெறி என்றும், கோயில், கொடை, விளக்கு, புண்ணியம் எல்லாம் பின்னாளில் அரசர்களும் பிட்சுக்களும் சேர்ந்து படியவைத்த அழுக்கு என்றும் எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

இந்தக் கூற்று தவறானது. பௌத்தத்தை உண்மையில் தாங்கிப் பிடித்தவர்களை அது வரலாற்றிலிருந்து வெளியே தள்ளுகிறது. அந்தக் கதை எழுத்தில் தென்படுவது எட்டாம் நூற்றாண்டுச் சீன நூல்களில். போதிதர்மர் காலத்துக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிந்தி. கதைக்குள்ளேயே புண்ணியம் மறுக்கப்படுவது யாருக்கு என்றும் பார்க்க வேண்டும். 502 முதல் 549 வரை நாடாண்ட ஒரு பேரரசருக்கு. அதை எடுத்து எல்லாருடைய கொடைக்கும் பொருத்துவது அநியாயம்.

கொடையில் புண்ணியம் உண்டு என்பதில் பௌத்தத்தின் தொடக்க நூல்களில் ஐயத்துக்கு இடமில்லை. பிம்பிசாரனின் வேணுவனம், அனாதபிண்டிகர் நிலம் முழுக்கக் காசு பரப்பி வாங்கிய ஜேதவனம், விசாகை கட்டிய பூர்வாராமம் ஆகியவற்றை வாசகர் அறிவார். உறைவிடம் கொடுப்பவர் எல்லாவற்றையும் கொடுப்பவர் என்கிறது சங்யுத்த நிகாயம். சோலை வைப்பவர், பாலம் கட்டுபவர், கிணறு தோண்டுபவர் ஆகியோரின் புண்ணியம் இரவும் பகலும் வளர்கிறது என்பதும் அதில்தான் வருகிறது. கூடதந்த சூத்திரம் கொடைகளை வரிசைப்படுத்துகிறது: உயிர்ப்பலியற்ற வேள்வியைவிட அன்றாட அன்னதானம் மேல், அதைவிட நாற்றிசைச் சங்கத்துக்கு விகாரை கட்டித் தருவது மேல், அதைவிடச் சரணம், பிறகு சீலம், பிறகு தியானம். விகாரை இங்கே ஒரு படி. அதற்கு மேலே படிகள் உண்டு என்பதால் அந்தப் படியையே பெயர்த்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லை.

அசோகரை விரைவாகக் கடந்துவிடலாம். கனகமுனி புத்தரின் தூபியை இருமடங்காகப் பெருக்கியதை அவரே நிகாலி சாகர் தூணில் பொறித்திருக்கிறார். ஆனால் அவர் காலத்தைப் பற்றி நமக்கு அவர் குரல் மட்டுமே அதிகம் கேட்கிறது. நான் நேசிக்கும் காலம் அவருக்குப் பின் வருகிறது: கி.மு. இரண்டாம் நூற்றாண்டு தொடங்கிக் கி.பி. மூன்றாம் நூற்றாண்டு வரை.

சாஞ்சியின் பெருந்தூபியைச் சுற்றியுள்ள கல்வேலியிலும் தளக்கற்களிலும் தோரண வாயில்களிலும் அறுநூறுக்கும் மேற்பட்ட கொடைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1894இல் பியூலர் ‘எபிகிராபியா இண்டிகா’வில் அவற்றில் பெரும்பகுதியை வெளியிட்டார். பெரும்பாலானவை ஒரே வரி: இன்ன ஊர், இன்னார், தானம். உஜ்ஜயினிக்காரர்கள், விதிசைக்காரர்கள், நந்திநகரத்துக்காரர்கள். வணிகர், நெசவாளி, எழுத்தர், தச்சர். பிட்சுக்கள், அவர்களுக்குக் குறையாத எண்ணிக்கையில் பிட்சுணிகள். கணவன் பெயரே இல்லாமல் தன் பெயரில் கொடுத்த பெண்கள். தெற்கு வாயிலில் விதிசையின் தந்த வேலைக்காரர்கள் சிற்பம் செதுக்கியதாகப் பொறித்திருக்கிறது. அதே வாயிலில் ஓர் உத்தரத்தைக் கொடுத்த ஆனந்தன், அரசன் சாதகர்ணியின் சிற்பிகளுக்குத் தலைவன். அரசனின் பெயர் அங்கே வருவது ஒரு கைவினைஞனின் அடையாளத்தைச் சொல்வதற்காக. இந்திய வரலாற்றில் இப்படி அரசன் தொழிலாளியின் முகவரியாக நிற்கும் இடம் அபூர்வம்.

அமராவதியில் இன்னும் துலக்கமான முகங்கள். நிறைகுடம் செதுக்கிய ஒரு பலகையைக் கொடுத்தவர் விதிகர் என்ற தோல்வினைஞர். இன்னொரு கல்லைக் கொடுத்தவர் தமிழர். கண்ஹன் என்ற அவர் தம் உடன்பிறந்தாரோடு சேர்ந்து தான்யகடகத்து மகாசேதியத்துக்கு அதை அளித்திருக்கிறார். தோல் தொழில் செய்தவரின் கல்லும் செல்வரின் கல்லும் ஒரே தூபியைப் போர்த்தியிருந்தன. பிறப்பால் புண்ணியத்தின் அளவு மாறும் என்று சொன்ன ஒரு சமூகத்தில் இதன் பொருள் என்ன என்பதை நாம் போதிய அழுத்தத்தோடு இன்னும் பேசவில்லை. மேற்குக் குகைகளிலும் இதே காட்சிதான்: கார்லேயின் சைத்தியத் தூண்களைக் கொடுத்தவர்களில் தேனுகாகடத்து யவனர்கள் இருக்கிறார்கள்.

கட்டுவதோடு பராமரிப்பையும் அக்காலம் யோசித்தது. நாசிக் குகையில் உஷவதாதன் என்னும் ரிஷபதத்தன் பொறித்திருக்கும் ஏற்பாட்டைப் பாருங்கள். மன்னன் நகபானனின் மருமகனான அவர் 3,000 கார்ஷாபணங்களை நெசவாளர் சங்கங்களிடம் வைப்பாகப் போட்டார். 2,000த்துக்கு மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி. ஆண்டுக்கு 240 வரும். குகையில் மழைக்காலம் தங்கும் இருபது பிட்சுக்களுக்குத் தலைக்கு 12 வீதம் சீவர ஆடைச் செலவு. மீதி 1,000த்துக்கு முக்கால் வட்டி, சில்லறைச் செலவுக்கு. முதல் கரையாது. அரசகுடும்பத்தவரின் கொடைதான், ஆனாலும் அதை நடத்தும் பொறுப்பு தறிக்காரர்கள் கையில் இருந்தது. பிட்சுவின் ஆடை தறியின் வருவாயிலிருந்து வந்தது. விகாரைக்கும் ஊருக்கும் இடையே இப்படி ஓர் அன்றாடப் பிணைப்பு இருந்தது.

இதற்குப் பின்னால் நுட்பமான ஒரு தத்துவ வழக்கும் நடந்தது. கொடுத்த கணத்தில் எழும் எண்ணத்தோடு புண்ணியம் முடிந்துவிடுமா, கொடுத்த பொருளைப் பிறர் பயன்படுத்தப் பயன்படுத்த அது வளருமா? தேரவாத நூலான கதாவத்து இதை விவாதித்து, வளரும் என்ற கட்சியை மறுக்கிறது. எண்ணமே வினை என்பது தேரவாதிகளின் உறுதியான நிலை. மறுதரப்பு எடுத்துக்காட்டுவது, சோலையும் கிணறும் பற்றி நான் மேலே சொன்ன அந்தப் பழைய சங்யுத்தப் பாடலைத்தான். மறுதரப்பு யார் என்று அந்நூலின் உரை சொல்லும்போது ராஜகிரிகர், சித்தார்த்திகர் பெயர்கள் வருகின்றன. இருவரும் ஆந்திரப் பிரிவினர். கல்லைக் கல்லாகக் கொடுத்துத் தூபி வளர்த்த மண்ணில் அந்தக் கருத்து வேர்பிடித்ததில் வியப்பில்லை. மூலசர்வாஸ்திவாத விநயம் ஒரு படி மேலே போய், கட்டித் தந்த விகாரையில் ஆள் தங்கிப் புழங்கவேண்டும், பூட்டிப்போட்டால் கொடையாளிக்கு வரவேண்டிய பயன்பாட்டுப் புண்ணியம் நின்றுபோகும் என்று பிட்சுக்களுக்கே கடமை விதிக்கிறது.

கட்சி எடுக்கச் சொன்னால் நான் ராஜகிரிகர் பக்கம். தர்க்கத்தில் தேரவாதிகள் வலுவானவர்களாக இருக்கலாம். ஆனால் ராஜகிரிகரின் கொள்கைதான் கொடுத்தவரை ஊருக்குக் கடமைப்பட்டவராக ஆக்குகிறது. கட்டிவிட்டுப் பெயர் பொறித்துவிட்டுப் போய்விட முடியாது. அங்கே யாராவது படிக்கவேண்டும், உறங்கவேண்டும், விளக்கேற்றவேண்டும்.

பௌத்த ஆய்வாளர் கிரகரி ஷோபன் இந்தக் கல்வெட்டுகளை நூல்களுக்கு இணையான சான்றாக நிறுத்தினார். கொடையும் தூபி வழிபாடும் பாமரர் பழக்கம், கற்ற பிட்சுக்கள் அதிலிருந்து விலகியிருந்தார்கள் என்ற பழைய எண்ணத்தை அவர் உடைத்தார். கொடுத்தவர்களில் கணிசமான பகுதியினர் பிட்சுக்களும் பிட்சுணிகளும்தான் என்று காட்டினார். அவருக்கு நாம் நன்றிக்கடன்பட்டவர்கள். ஆனால் அவர் எழுத்தில் மடம் சிலசமயம் கணக்குப்பிள்ளைகளின் கூடாரமாகச் சுருங்கிவிடுகிறது. கலை வரலாற்றாசிரியர் வித்யா தெஹேஜியா இக்காலக் கட்டடங்களைப் பலர் கூடி எழுப்பியவையாகப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வையே நெருக்கமானது.

பிறகு நிலைமை மாறியது. மாற்றத்தின் மனநிலையை இலங்கையின் மகாவம்சம் தன்னையறியாமல் பதிவு செய்திருக்கிறது. அரசன் துட்டகாமணி மகாதூபியைக் கட்டும்போது கூலியின்றி யாரும் வேலை செய்யக்கூடாது என்று ஆணையிடுகிறான். அது நல்ல ஆணைதான். ஆனால் புண்ணியத்தில் பங்கு வேண்டும் என்று ஒரு பிட்சு தானே பிசைந்த களிமண் உருண்டையை மற்றவற்றோடு சேர்த்துவிடுகிறார். அரசன் அதைக் கண்டுபிடித்து, அவரறியாமல் அதற்கு ஈடான பொருளைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிடுகிறான். மகாவம்சம் இதைப் பெருமையாகச் சொல்கிறது. எனக்கு இது துயரமான இடம். சாஞ்சியில் அறுநூறு பேருக்கு இடமிருந்தது. இங்கே ஓர் உருண்டை மண்ணுக்கு இடமில்லை.

குப்தர் காலச் சாஞ்சியில் இரண்டு கல்வெட்டுகளை அடுத்தடுத்துப் படிக்கவேண்டும். 412இல் ஆம்ரகார்தவன் என்ற அதிகாரி ஓர் ஊரையும் 25 தீனாரங்களையும் கொடுக்கிறார்; அந்தப் பணத்தில் பாதி, இரண்டாம் சந்திரகுப்தனின் புண்ணியத்துக்காக ஐந்து பிட்சுக்களுக்கு உணவிடவும் ஒரு விளக்கேற்றவும்; மறுபாதி அதே அளவில் தன் புண்ணியத்துக்காக. சுமார் 450இல் ஹரிஸ்வாமினி என்ற உபாசிகை 12 தீனாரங்களை வைப்பாகத் தருகிறார், நாளும் ஒரு பிட்சு உண்ண. இன்னும் மூன்று, இரத்தினகிருகத்தில் மூன்று விளக்கெரிய. மேலும் ஒன்று, நான்கு புத்தர்கள் அமர்ந்திருக்கும் இடத்தில் ஒரு விளக்கெரிய. பழைய மரபின் கடைசிக் குரல்களில் ஒன்றாகவே அவர் எனக்குக் கேட்கிறார். வருங்காலம் ஆம்ரகார்தவனின் ஊர்க்கொடை பக்கம் இருந்தது. விகாரைகளுக்கு வயலும் தோட்டமும் ஆளும் மாடும் கொடுத்துப் பட்டயம் பொறிப்பதைச் சீனப் பயணி ஃபாஹியான் அப்போதே கண்டார். நாளந்தாவுக்கு இருநூறுக்கு மேல் ஊர்கள் இருந்ததாக ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் இன்னொரு சீனப் பயணி யிஜிங் எழுதினார். ஊர்களை உடைய மடத்துக்கு நெசவாளியின் காசு தேவைப்படவில்லை. அவனும் மெல்ல விலகிப்போனான்.

நாகப்பட்டினம் சூடாமணி விகாரையை நாம் பெருமையோடு நினைப்பது சரியே. ஸ்ரீவிஜய அரசன் சூளாமணிவர்மன் தொடங்கி, மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்த பள்ளி அது. முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் அதற்கு ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக்கினான். 97 வேலிக்கு மேல் நிலம், ஆண்டுக்கு 8,943 கலத்துக்கு மேல் நெல். லெய்டன் பெரிய செப்பேடு இதை நாழிவரை கணக்கிட்டுச் சொல்கிறது. ஆனால் அதே சோழநாட்டில் சிவன் கோயில் சுவர்களைப் படியுங்கள். நந்தாவிளக்கு ஒன்றுக்குச் சாவா மூவாப் பேராடு 96 என்று இடையர் பொறுப்பேற்கிறார்கள்; வணிகரும் வேளாளரும் தேவரடியாரும் தனித்தனியே விளக்கு வைக்கிறார்கள். சாஞ்சியிலும் அமராவதியிலும் பௌத்தம் கண்டுபிடித்த சிறு கொடை, தமிழகத்தில் சைவத்தின் சொத்தாயிற்று. பௌத்தம் இங்கே தேய்ந்ததற்குப் பக்தி இயக்கம், வணிகப் பாதைகளின் மாற்றம் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். அவற்றோடு இதையும் சேர்த்தாகவேண்டும். என் கணிப்பில் இதுவே முதன்மையானது.

நாகப்பட்டினமே அதற்குச் சான்று தருகிறது. 1856 முதல் அங்கே கிடைத்த சுமார் 350 புத்தப் படிமங்களில், 1279இல் சோழர் ஆட்சி முடிந்த பிறகு வார்க்கப்பட்டவையும் உண்டு. ஒரு படிமத்தின் பீடத்தில் இராசேந்திர சோழப் பெரும்பள்ளியோடு அக்கசாலைப் பெரும்பள்ளி என்ற பெயர் தமிழில் பொறித்திருக்கிறது, பொற்கொல்லர்களின் பள்ளி. செப்பேட்டு நெல் நின்றுபோன பிறகும் அந்த இடத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள் சிறிய செம்புப் படிமங்களை வார்த்துக் கொடுத்த இத்தகைய மனிதர்கள்தான். எஞ்சியிருந்த செங்கற்கோபுரத்தை 1867இல் ஏசுசபையார் அரசு அனுமதியோடு இடித்தார்கள்.

அண்மைக் காலத்திலும் இதே கதைதான். அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியபோதும் அது கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்களிடையே வேர்பிடித்தது. கொடை மரபை மூடநம்பிக்கை என்று ஒதுக்கும் இன்றைய எழுத்தாளர்கள், ஒடுக்கப்பட்டவர் தம் பெயரை முதன்முதலாகக் கல்லில் பொறித்த இடங்களில் ஒன்றையும் சேர்த்தே ஒதுக்குகிறார்கள். பௌத்தக் கலை பற்றித் தமிழில் எழுத முனைவோர் அரசர் பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு, பார்ஹுத், சாஞ்சி, அமராவதிக் கொடைக் கல்வெட்டுகளை முழுமையாகத் தமிழாக்கித் தரவேண்டும். பெரும்பாலானவை ஒற்றை வரிகள். மூன்றிடத்தவையும் சேர்ந்தாலும் ஒரே தொகுதியில் அடங்கிவிடும்.