யோங் தாவ் ஃபூ கிண்ணம்

சிங்கப்பூர் உணவங்காடிக்குப் போனால் என் கால்கள் யோங் தாவ் ஃபூ கடைக்குத்தான் போகும். ஹக்கா சீனர்களின் பண்டம் இது. வெறுங்கிண்ணமும் இடுக்கியும் நம் கையில். மீன் விழுது அடைத்த தோஃபு, பாகற்காய் வளையம், கீரை என்று ஆறேழு பொறுக்கிப் போட்டு, மஞ்சள் மீ நூடுல்ஸா, பீ ஹூன் என்னும் அரிசி நூடுல்ஸா, சூப்போடா தனியாகவா என்று சொன்னால் போதும். கடைக்காரர் துண்டு போட்டு, கொதிநீரில் அமிழ்த்தி எடுத்துத் தருவார். சில வெள்ளியில் வயிறு நிறைந்துவிடும்.

வெண்டைக்காயைச் சொல்லியே ஆகவேண்டும். நீளவாக்கில் கீறி விழுதைத் திணித்திருப்பார்கள். வெந்த பிறகும் நறுக்கென்று கடிபடும். நெத்திலியும் சோயாபீன்ஸும் கொதித்த தெளிந்த சூப்பில் அதன் பச்சை மணம் லேசாக இறங்கியிருக்கும். இனிப்புச் சாஸில் மிளகாய் விழுதைக் குழைத்து, தோஃபுவைத் தோய்த்து வாயில் போட்டால், பக்கத்து மேசைப் பேச்சுகூடக் காதில் விழாது.