வட்டக்கோட்டையும் வன்முறை ஆய்வும்

குமரிக் கடலோரத்து வட்டக்கோட்டை, 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மர் காலத்தே டிலனாய் என்னும் தளபதியால் வலுப்படுத்தப்பெற்றது. ஆரல்வாய்மொழி அரண்வரிசையின் கடல்முனை அஃதே. 1809 பிப்ரவரியில் கும்பினிப் படை அவ்வரணை ஊடுருவிற்று; தளவாய் வேலுத்தம்பியின் எழுச்சி அதனோடு தளர்ந்தது.

அதனைக் கும்பினியார் 'கலகம்' என்றனர். பின்வந்தோர் 'விடுதலைப் போர்' என்றனர். பெயரை முதலிலும் சான்றைப் பின்னரும் கொள்ளும் முறை பிழையுடைத்து என்பது நம் துணிபு. முன்னதை ஏற்பார்க்கு, மண்ணடியில் உயிர்நீத்த தளவாயின் உடல் திருவனந்தபுரத்துக் கண்ணம்மூலையில் தூக்கிக் காட்டப்பெற்றது கொடுமையாகத் தோன்றாது. தலைமை ஆளுநர் மிண்டோவே அச்செயலைக் கடிந்தார். பின்னதை ஏற்பார்க்கோ, ஆலப்புழைப் பகுதியில் சிறைப்பட்ட ஆங்கில வீரர் கொல்லப்பெற்றமை கண்ணிற் படாது.

பயங்கரவாதம் பற்றிய இற்றை ஆய்வுகளிலும் இக்குறை உண்டு. அச்சொல்லுக்கு அனைவரும் ஒப்பிய வரையறையை ஐக்கிய நாடுகள் அவை இன்னும் கண்டிலது. ஆதலின், செய்தார் யாவர் என்பதற்கு முன், செய்யப்பெற்றது யாது, துன்புற்றார் யாவர், அஞ்சுவிக்கப்பட்டார் யாவர் என வினவுதல் வேண்டும். அங்ஙனம் வினவின், சிறைப்பட்டாரைக் கொன்றதும் பிணத்தைத் தூக்கியதும் ஒரே துலாக்கோலில் நிறுக்கப்பெறும். தளவாயின் பெருமை அதனாற் குன்றாது. ஆய்வாளன் நடுநிலையே நிலைபெறும்.