வழுக்கும் காருக்கு எதற்கு இறக்கை?

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 வீதியில் இறக்கைக்குப் பஞ்சமில்லை. பழைய லான்சர், சிவிக், ஏன், சில ஓட்டோக்களின் கூரையிலும்கூட ஒரு ஸ்பொயிலர் நிற்கும். பெரும்பாலும் அழகுக்குத்தான். அழகு குற்றமில்லை. ஆனால் இறக்கை உழைப்பதை ரசிக்க வேண்டுமென்றால் ட்ரிஃப்ட் காரைத்தான் பார்க்க வேண்டும். பின்பக்கத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, பக்கவாட்டாகவே வளைவைக் கடப்பது அந்தக் கலை. அப்படிப்பட்ட காருக்கு, பின்ரயரைத் தரையோடு அமுக்கும் இறக்கை ஏன்?

இறக்கையின் கணக்கு எளிது. விமானத்தைத் தூக்குவதைத் தலைகீழாகப் பூட்டினால் அது காரை அமுக்கும். வேகம் 60 கிலோமீற்றரிலிருந்து 120 ஆனால் அந்த அமுக்கம் நான்கு மடங்காகும். காரின் எடை கூடாது, ரயரின் மேலுள்ள பாரம் மட்டும் கூடும்.

ட்ரிஃப்டில் பின்ரயர் வழுக்கவும் வேண்டும், காரை முன்னே தள்ளவும் வேண்டும். பிடி அறவே இல்லாவிட்டால் புகைதான் மிஞ்சும். இரண்டு கார்கள் ஒட்டியபடி வழுக்கும் போட்டியில், துரத்துபவர் பின்தங்கினால் புள்ளி போய்விடும். ஆயிரம் குதிரைவலுவைத் தொடும் இன்றைய கார்களுக்கு ரயரைச் சுழற்றுவது பெரிய காரியமில்லை. அந்த வலுவைத் தரையில் இறக்குவதுதான் பாடு. அங்கே இறக்கை கைகொடுக்கும். நம் வீதிகளில் ஓடித் தேய்ந்த கேஇ70 கொரோலாவும் பின்சக்கர உந்தல்தான், ட்ரிஃப்டுக்குப் பேர்போனதுதான். ஆனால் அதன் சின்ன எஞ்சினை மாற்றாமல் பெரிய இறக்கையைப் பூட்டினால், வேகமான வளைவில் ரயரைச் சுழற்றவே எஞ்சின் திணறும்.

என் கண் முதலில் போவது இறக்கையின் இரு முனைகளிலும் செங்குத்தாக நிற்கும் தகடுகளுக்கு. கார் 45 பாகை திரும்பி வழுக்கும்போது காற்று இறக்கையில் சாய்வாகப் படுவதால் அமுக்கம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அந்த நேரத்தில்தான் பக்கத் தகடுகள் வேலையைப் பொறுப்பெடுக்கின்றன. பக்கக் காற்றை வாங்கி, கார் முழுச் சுற்றுச் சுற்றிவிடாமல் வாலை உள்ளே தள்ளுகின்றன. கூரையின் மறைவிலிருந்து இறக்கையின் ஒரு பாதி வெளியே வந்து சுத்தமான காற்றைப் பிடிக்கிறது. தகட்டின் ஓரத்தில் ரயர்ப் புகை சுருண்டு உருளும்போது, காற்று போகும் வழி கண்ணுக்கே தெரியும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது இறக்கையைத் தாங்கும் கால்களை. 1966இல் அமெரிக்கர் ஜிம் ஹோல் தன் சப்பரல் 2இ காரில் உயர்ந்த இறக்கையைப் பொருத்தினார். அதன் கால்கள் உடலில் அல்ல, பின்சக்கரங்களைத் தாங்கும் பாகத்திலேயே பூட்டப்பட்டிருந்தன. அமுக்கம் ஸ்பிரிங்கை நசுக்காமல் நேரே ரயருக்குப் போனது. 1968இல் ஃபோர்முலா 1 கார்களுக்கும் இறக்கை வந்தது. மறு ஆண்டு பார்சலோனாவில் இரண்டு லோட்டஸ் கார்களின் இறக்கைகள் முறிந்து விபத்தானதும், உயர்ந்த கால்களுக்குத் தடை விழுந்தது.

விமான இறக்கைக்கும் கார் இறக்கைக்கும் நம் மண்ணிலும் ஓர் உறவு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் வவுனியாவிலும் கட்டுகுருந்தவிலும் விமானத் தளங்கள் அமைத்தார்கள். கட்டுகுருந்த ஓடுபாதை பிறகு கார்ப் பந்தயத் தடமாயிற்று. சென்னைக்கு அருகே சோழவரமும் அப்படித்தான். தூக்கும் இறக்கைக்குப் போட்ட தளத்தில் அமுக்கும் இறக்கை ஓடுவதில் எனக்கொரு தனி ரசனை.

இனி ஏ9இல் இறக்கை வைத்த கார் எதிர்ப்பட்டால் அகலத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கால் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். மெல்லிய டிக்கி மூடியோடு நின்றால் அலங்காரம். மூடியைத் துளைத்துக்கொண்டு சட்டகம் வரை போனால், செய்தவனுக்கு வேலை தெரியும்.