கைக்குட்டையும் கஞ்சி டம்ளரும்

தமிழ் சினிமாவில் புற்றுநோய்க்கு ஒரேயொரு அறிகுறிதான். இருமல் வரும், வெள்ளைக் கைக்குட்டை வரும், கைக்குட்டையில் ரத்தம் வரும். 1982இல் மட்டும் ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ என்று இரண்டு பெரிய வெற்றிப்படங்கள் இந்த நோயை வைத்து ஓடின. நோய் காதலுக்குக் குறுக்கே வருகிறது, சோகப் பாட்டுக்கு இடம் கொடுக்கிறது, பிறகு ஆளைக் கொண்டுபோகிறது. அதற்கெல்லாம் முன்னால், 1962இல், ஸ்ரீதர் எடுத்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடக்கும் படம். முத்துராமன் நோயாளி, கல்யாண்குமார் டாக்டர். இந்த வரிசையில் நான் மதிக்கும் படம் அதுதான். ஆனால் அதிலும் பேச்செல்லாம், தான் செத்தால் மனைவி யாரைக் கல்யாணம் செய்துகொள்வாள் என்பதைப் பற்றியே. இந்தப் படங்களின் நோயாளிகள் பாடுகிறார்கள், தியாகம் செய்கிறார்கள், அழகாகச் சாய்கிறார்கள். தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒரு கவளத்தை விழுங்க முடியாமல் திணறும் மனிதராக ஒருவர்கூட என் மனதில் நிற்கவில்லை.

இது சின்ன விஷயம் என்று தோன்றலாம். நோயாளியோடு ஒரு மாதம் இருந்து பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. அந்த வீட்டில் காலையிலிருந்து இரவு வரை நடக்கும் சண்டை, கெஞ்சல், மௌனம் எல்லாமே சாப்பாட்டைச் சுற்றித்தான்.

காசநோய்க்கு இலக்கியத்தில் இந்த அநியாயம் நடக்கவில்லை. தாமஸ் மான் 1924இல் வெளியிட்ட ‘மேஜிக் மவுண்டன்’ நாவலில் டாவோஸ் மலைமேல் இருக்கும் சானடோரியத்தில் ஒரு நாளைக்கு ஐந்து வேளைச் சாப்பாடு. காலை உணவு முடிந்து கொஞ்ச நேரத்தில் ‘இரண்டாவது காலை உணவு’ வேறு. யார் எந்த மேஜையில் உட்கார்கிறார்கள் என்பதிலேயே பாதிக் கதை நகர்கிறது. காசநோய் பசியையும் காமத்தையும் தூண்டும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள் என சூசன் சொன்டாக் ‘இல்னெஸ் ஆஸ் மெட்டஃபர்’ (1978) நூலில் எழுதுகிறார். உருவகங்களைக் கழற்றிவிட்டு நோயை நோயாகப் பாருங்கள் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் வாதம். எனக்கும் அது சம்மதம். ஒரு குறை மட்டும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றதற்குப் பின் அவர் எழுதியது அது. ஆனாலும் அதில் அவருடைய உடம்பு எங்கேயும் இல்லை. உருவகத்தைக் கழற்றிய பிறகு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்கப் போனால், புத்தகம் அங்கே முடிந்துவிடுகிறது.

மிச்சம் இருப்பதை நான் என் அத்தை வீட்டில் பார்த்தேன். மூன்றாவது கீமோ முடிந்த வாரம். மருமகள் ரசம் சாதம் குழையப் பிசைந்து எடுத்துவந்தாள். அத்தை ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். “எல்லாம் இரும்பு மாதிரி இருக்குடா. கரண்டியை நக்கற மாதிரி இருக்கு.” மருமகளுக்கு அழுகை. “ரெண்டு வாய்தானே அத்தே, எனக்காகச் சாப்பிடுங்க.” பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், “சாப்பிடாம இருந்தா நோய் எப்படிம்மா போகும்?” என்று அதட்டினார். அத்தை அவருக்குப் பதில் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த இரும்பு ருசி கற்பனை கிடையாது. கீமோ மருந்துகள் பல, நாக்கின் சுவையையும் மூக்கின் மணத்தையும் மாற்றிவிடுகின்றன. எவர்சில்வர் கரண்டிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் அல்லது மரக்கரண்டி கொடுத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். சூடான சாப்பாட்டின் மணமே குமட்டும் என்பதால் ஆறவைத்த தயிர்சாதம் சில நாட்கள் இறங்கும். வாய்ப்புண் வந்தால் காரமும் புளிப்பும் நெருப்பு. மூன்று வேளைத் தட்டு என்ற கணக்கை விட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது நடக்கும் காரியம். ஐரோப்பிய ஊட்டச்சத்து வல்லுநர்களின் வழிகாட்டுதல்படி, புற்றுநோயாளிக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கலோரியும், 1 முதல் 1.5 கிராம் வரை புரதமும் வேண்டும். 50 கிலோ இருக்கிற ஒருவருக்கு 50 முதல் 75 கிராம் புரதம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம். நாம் அன்போடு கொண்டுபோகும் அரிசிக்கஞ்சி டம்ளரில் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். முட்டை, பருப்பு, தயிர், மீன், சத்துமாவு என்று அதில் எதையாவது சேர்க்காவிட்டால் அது வெறும் ஆறுதல்தான்.

இன்னொன்றும் உண்டு, இதுதான் கதைக்காரர்கள் கவனித்திருக்க வேண்டியது. பல நோயாளிகள் மெலிவது சாப்பிடாததால் மட்டும் நடப்பதில்லை. கட்டி கிளப்பிவிடும் அழற்சி, உடம்பு தன் தசையைத் தானே கரைத்துக்கொள்ளும்படி செய்கிறது. ‘கெக்கெக்சியா’ என்று இதற்குப் பெயர். ஊட்டினால் மட்டும் இது முழுசாகத் திரும்பாது. கடைசிக் கட்டத்தில் பசி அடங்குவது உடம்பின் இயல்பு. அப்போது வற்புறுத்தி ஊட்டினால் வேதனைதான் கூடும். சோற்றை அன்பின் மொழியாக வைத்திருக்கும் ஒரு சமூகத்தில், அன்பு வாயில் நுழையமாட்டேன் என்கிறது. இதைவிடப் பெரிய நாடகம் வேறு எங்கே கிடைக்கும்? நம் எழுத்தாளர்கள் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

அந்த இடத்தை வாட்ஸ்அப் நிரப்பிவிட்டது. அதில் இரண்டே கதைதான். ஒன்று, சர்க்கரையை நிறுத்து, கட்டி பட்டினியில் சாகும். இன்னொன்று, முள்சீத்தாவோ கோதுமைப்புல்லோ சாறெடுத்துக் குடி, கட்டி கரையும். முதல் கதைக்கு ஒரு நிஜ வேர் இருக்கிறது. புற்றுச் செல்கள் குளுக்கோஸை மிக அதிகமாக உறிஞ்சுவதை ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார். பெட் ஸ்கேன் வேலை செய்வதே அந்தக் குணத்தை வைத்துத்தான். ஆனால் நீங்கள் சாப்பிடாவிட்டாலும் உடம்பு ரத்தத்தில் குளுக்கோஸைக் குறையவிடாது. தேவைப்பட்டால் தசையை உடைத்துத் தயாரித்துக்கொள்ளும். பட்டினியில் முதலில் கரைவது நோயாளி. நீரிழிவு உள்ளவர் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது வேறு விஷயம்.

இந்த வைத்தியக் கதைகளை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு சோல்ஜெனித்சினின் ‘கேன்சர் வார்ட்’ நாவலைத்தான் காட்டுவேன். 1955, தாஷ்கண்ட், ஒரே வார்டில் கட்சி அதிகாரி ருசானோவும் நாடு கடத்தப்பட்ட கோஸ்தோக்ளோதோவும். ஒரு நாள் கோஸ்தோக்ளோதோவ் மற்றவர்களுக்கு ஒரு கிராமத்து டாக்டரைப் பற்றிச் சொல்கிறான். அந்தப் பக்கத்து விவசாயிகள் காசு மிச்சம் பிடிக்கத் தேயிலைக்குப் பதில் பிர்ச் மரத்தில் வளரும் சாகா காளானைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார்களாம். அவர்களிடம் புற்றுநோயே இல்லையாம். வார்டே காதைத் தீட்டிக்கொள்கிறது. அதிகாரி, கைதி என்ற வித்தியாசம் அந்த நிமிஷம் காணாமல் போகிறது. ஆசிரியர் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, காளானுக்குச் சான்றிதழும் கொடுக்கவில்லை. அவன் ஒளித்து வைத்திருந்த இசிக்-குல் ஏரிப் பக்கத்து விஷவேர்ச் சாற்றை டாக்டர் வேரா கங்கார்ட் பேசிப் பேசியே கொட்டவைக்கிறாள். அங்கே வேலை செய்தது அறிவியல் வாதம் இல்லை, அவள்மேல் அவனுக்கு வந்த நம்பிக்கை. முள்சீத்தா அனுப்பும் சித்தப்பாவிடம் “ஃபேக் சார்” என்று ஃபார்வர்டு பண்ணும் நாம் படிக்க வேண்டிய பக்கங்கள்.

சித்தார்த்த முகர்ஜியின் ‘எம்பரர் ஆஃப் ஆல் மாலடீஸ்’ (2010) வேறு மாதிரி. புற்றுநோயின் வரலாற்றை இவ்வளவு விறுவிறுப்பாக எழுதிய புத்தகம் அரிது. அதன் சிறந்த பகுதி ஒரு சாப்பாட்டுக் கதையில்தான் ஆரம்பிக்கிறது. 1920களின் கடைசியில் லூசி வில்ஸ் பம்பாய்க்கு வந்து, ஆலைத்தொழிலாளிப் பெண்களின் கர்ப்பகால ரத்தசோகையை ஆராய்கிறார். மார்மைட் கொடுத்தால் குணமாகிறது. அதில் இருந்த பொருள்தான் பின்னால் ஃபோலிக் ஆசிட் ஆனது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதை லுகேமியாக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார். நோய் இன்னும் வேகமாகிறது. அப்படியானால் அதைத் தடுக்கும் பொருளைக் கொடுத்தால்? அதைத் தயாரித்துக் கொடுத்த குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தவர். 1948இல் ஃபார்பர் வெளியிட்ட முடிவில் 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாகவேனும் நோய் தணிந்தது. சத்தை ஊட்டுவது எப்போதும் நல்லதே என்ற நம்பிக்கை உடைந்த இடத்தில் கீமோதெரபி பிறந்தது.

அதில் ராபர்ட் சாண்ட்லர் என்ற இரண்டு வயதுப் பையன் வருகிறான். மருந்து வேலை செய்கிறது என்பதை முகர்ஜி எப்படிக் காட்டுகிறார் தெரியுமா? ரத்த அணுக்களின் எண்ணிக்கை வருகிறது, சரி. அதோடு, பையனுக்கு அகோரப் பசி எடுக்கிறது. இழந்த மாதங்களின் சாப்பாட்டை எல்லாம் ஒரேயடியாகச் சாப்பிடுவது போல. எனக்குக் கண் கலங்கியது அந்த வாக்கியத்தில்தான். பிறகு அந்தப் பெரிய புத்தகத்தில் பசி பின்னால் போய்விடுகிறது. மூலக்கூறுகள், ஜீன்கள், யுத்தம். ‘பேரரசன்’ என்று நோய்க்குப் பட்டம் கட்டிய பிறகு குடிமக்களின் அடுப்படிக்கு யார் போவார்கள்?

அதுல் கவாண்டே ‘பீயிங் மார்ட்டல்’ (2014) நூலில் போகிறார். கழுத்துத் தண்டுவடத்தில் கட்டி வந்த ஒரு வயதான பேராசிரியரிடம், ஆபரேஷனுக்கு முன்னால் அவருடைய மகள் கேட்கிறாள்: எந்த நிலைமை வரைக்கும் உயிரோடு இருக்க உங்களுக்குச் சம்மதம்? அந்த மகளே சாந்த சிகிச்சை மருத்துவர். அவர் தயங்காமல் சொல்கிறார்: சாக்லேட் ஐஸ்கிரீம் சாப்பிடவும் டிவியில் ஃபுட்பால் பார்க்கவும் முடிந்தால் போதும். பின்னால் சிக்கல் வந்தபோது, மேற்கொண்டு போவதா என்ற முடிவை அவள் அந்தப் பதிலை வைத்தே எடுக்கிறாள். சாந்த சிகிச்சை என்றாலே கைவிடுவது என்று இங்கே நினைக்கிறோம். 2010இல் பாஸ்டனில் பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை வைத்து நடந்த ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே சாந்த சிகிச்சையும் பெற்றவர்கள் சராசரியாக 11.6 மாதம் இருந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். வலி, குமட்டல், பயம், பசி, இதையெல்லாம் கேட்பதற்கு ஒரு ஆள் இருந்ததுதான் வித்தியாசம்.

கோஸ்தோக்ளோதோவ் கடைசியில் டிஸ்சார்ஜ் ஆகிறான். பழைய நகரத்தில் டீ குடிக்கிறான், பூத்து நிற்கும் ஆப்ரிகாட் மரத்தைப் பார்க்கிறான். அப்புறம் தெருவில் கறியைக் கம்பியில் குத்திச் சுடும் வாசனை. கையில் இருக்கும் சொற்பக் காசை எண்ணிப் பார்த்து ஷாஷ்லிக் வாங்குகிறான். சோல்ஜெனித்சின் அவசரப்படாமல் எழுதியிருக்கிறார். கறி எப்படித் திரும்புகிறது, கொழுப்பு எப்படி உருகுகிறது, அவன் ஒவ்வொரு துண்டையும் எப்படிக் கடிக்கிறான். அத்தைக்கு நான் அதைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “வெங்காயம் உண்டா அதுல?” என்றாள்.