மூன்றாவது ராக்கர் பேரிங்

ஒரு எஞ்சினில் ராக்கர் பேரிங் ஒருமுறை போனால் பேரிங்கைச் சந்தேகிப்பது நியாயம். அதே இடத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் போனால், பேரிங்கை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருப்பவற்றை விசாரிக்க வேண்டும். சுழலும் கேமின் மேட்டை வாங்கி வால்வைத் திறந்துவிடும் சிறிய கைதான் ராக்கர். அதன் நுனி உருளைக்குள்ளோ அது ஆடும் அச்சிலோ ஊசி பேரிங் இருக்கும். சில எஞ்சின்களில் வெறும் புஷ். கம்பெனி அமைத்த நிலையில் பல ஆண்டு உழைக்கும் இந்தச் சின்னப் பொருள், கேமை மாற்றி, வால்வு ஸ்பிரிங்கை இறுக்கி, ஆர்பிஎம்மைக் கூட்டிய எஞ்சினில் திரும்பத் திரும்ப நொறுங்குவதுண்டு. பஜாஜ் பல்சர் கல்வராயன் மலை அடிவாரத்திலும் ஓடுகிறது, கண்டியிலும் ஓடுகிறது. ஆனால் நொறுங்கிய ராக்கரைக் கையிலெடுத்த மெக்கானிக் அடுத்துச் செய்வது இரண்டு நாட்டிலும் ஒன்றல்ல. பொதுவாகச் சொன்னால், நாம் பொருளைத் திருத்துகிறோம், இலங்கையில் பொருளை மாற்றுகிறார்கள். நோயைக் கண்டுபிடிக்க முதல் அடியாக இலங்கை வழக்கமே மேல் என்பது என் கட்சி; இரண்டாவது அடியில்தான் அது சறுக்குகிறது.

நம் வழக்கம் லேத்துப் பட்டறையில் வளர்ந்தது. வெளிநாட்டு உதிரிபாகம் எளிதில் கிடைக்காத காலத்தில் சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் விட்டவர்களுக்கு, கையிலிருந்ததைக் கடைந்து பொருத்துவதைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை. கோவையின் கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதிப் பந்தயக் கார்களைக் கட்டியதும் அந்த மரபில்தான். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வந்த பிறகும் அந்தக் கைத்திறன் குறையவில்லை. ஆனால் பழுதுக்குக் காரணம் தேடும்போது இதே திறமை குறுக்கே நிற்கிறது. கேமைத் தேய்த்து லிஃப்ட்டை, அதாவது வால்வு திறக்கும் உயரத்தை, கூட்டும்போது அதன் அடிவட்டம் சிறுத்துப்போகிறது. ராக்கர் நிற்கும் கோணம் மாறுகிறது. அதன் நுனி வால்வுத் தண்டு முனையின் நடுவை விட்டு ஓரத்தில் அழுத்துகிறது. கடினப்படுத்திய மேல்தோல் மெல்லியது. அதை அரைத்து எடுத்துவிட்டால் உள்ளே மிருதுவான இரும்பு. அதோடு உருளையின் பின்னையும் ஏதோ ஒரு கம்பியில் கடைந்து போட்டிருந்தால், மூன்றாவது பேரிங் போகும்போது உலோகம், அளவு, சுமை என்று மூன்று சந்தேக நபர்கள் ஒன்றாக நிற்பார்கள். யாரையும் தனியே விசாரிக்க முடியாது.

இலங்கையில் தொடக்கமே வேறு. ஜப்பானில் ஓடிய வண்டிகளும் எஞ்சின்களும் அங்கே நெடுங்காலமாக இறக்குமதியாகின்றன. கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய சிலிண்டர் ஹெட்டை முழுதாகவே வாங்கலாம். சென்னைப் புதுப்பேட்டையிலும் கழற்றிய பொருள் கிடைக்கும்தான். ஆனால் இங்கே அது பெரும்பாலும் லேத்துக்குப் போகும் வழியில் ஒரு நிறுத்தம். அங்கே வாங்கிய பொருள் அப்படியே எஞ்சினில் ஏறுகிறது. இதன் பெரிய நன்மை, கம்பெனி உலோகமும் கம்பெனி அளவும் உள்ள பொருள் உள்ளே போவதால் பொருளின் தரம் என்ற சந்தேகம் ஏறக்குறைய நீங்கிவிடுகிறது. குறை என்னவென்றால், ஹெட் மாறும்போது கேம், ஸ்பிரிங், ராக்கர், ஆயில் வழி எல்லாம் சேர்ந்தே மாறுகின்றன. சத்தம் நின்றுவிடும், எதனால் நின்றது என்று தெரியாது. பழைய ஹெட் இரும்புக் கடைக்குப் போகிறது, சாட்சியும் அதோடு போகிறது. பிறகு உரிமையாளர் அதே இறுக்கமான ஸ்பிரிங்கைப் புது ஹெட்டில் போட்டால் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

அந்த ஸ்பிரிங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். உருளை பேரிங்கின் ஆயுள், சுமையின் ஏறத்தாழ 3.3-ஆம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது பேரிங் கணக்கின் அடிப்படை. சுமை 30 சதவீதம் கூடினால் ஆயுள் பாதிக்கும் கீழே இறங்கும். இரட்டிப்பானால் பத்தில் ஒன்றுதான் மிஞ்சும். ஆகவே நல்ல பேரிங்கைப் போட்டும் சீக்கிரம் போகிறது என்று வியப்பதில் பொருளில்லை. 8,000 சுழற்சியை 10,000 ஆக்கினால் வால்வையும் ராக்கரையும் அசைக்கத் தேவையான விசை 56 சதவீதம் கூடுகிறது, அதற்காகத்தான் ஸ்பிரிங்கை இறுக்குகிறார்கள். ஆனால் அந்த ஸ்பிரிங் கேம் உச்சியில் ராக்கரை மிகக் கடுமையாக அழுத்துவது உச்ச வேகத்தில் அல்ல. வேகத்தில் வால்வின் நிறை ஸ்பிரிங் விசையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஐட்லிங்கில் முழு விசையும் அப்படியே விழுகிறது. ஆயில் பம்பும் அப்போதுதான் மெதுவாகச் சுற்றுகிறது. பந்தய எஞ்சினை நிற்க வைத்து நெடுநேரம் ஐட்லிங்கில் விடுவது ராக்கருக்குச் செய்யும் நன்மை அல்ல. அச்சில் இருக்கும் ஊசி பேரிங்கின் பாடு இன்னும் மோசம். அது முழுச் சுற்று சுற்றுவதே இல்லை. சில பாகை முன்னும் பின்னும் ஆடுவதால் ஒரே இடம் அடி வாங்குகிறது, புது ஆயிலும் அங்கே எளிதில் நுழையாது.

கல்வராயன் மலையிலுள்ள கரியாலூர் போன்ற ஊர்களில் இன்னொரு காரணம் சேர்கிறது. கச்சிராயப்பாளையம் பக்கமிருந்து ஏறும்போது காற்றுக் குளிர்ச்சி எஞ்சின் தாழ்ந்த கியரில், குறைந்த காற்றோட்டத்தில் உழைக்கிறது. சூடேறி நீர்த்த ஆயில் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் ஹெட். ஏற்றத்தில் இதைக் கவனிப்பவர்கள் இறக்கத்தைக் கவனிப்பதில்லை. வளைவுக்கு முன் கியரை அவசரமாக இறக்கினால் சக்கரமே எஞ்சினை இழுத்துச் சுற்றும். மின்பொறியை வெட்டும் லிமிட்டர் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. வால்வு கேமை விட்டு மிதந்து, பிறகு அறைந்து இறங்கும். அந்த அறையை வாங்குவது ராக்கர். இலங்கையின் தியத்தலாவை ஃபாக்ஸ் ஹில் சூப்பர்கிராஸ் போன்ற களத்தில் இது வேறு விதமாக நடக்கும். பைக் தாவும்போது பின்சக்கரத்தின் சுமை நீங்கி எஞ்சின் சீறுகிறது, ஆனால் அங்கே லிமிட்டர் காப்பாற்றும். எனவே பந்தயத் தடத்தில் நின்ற ஸ்பிரிங் மலை இறக்கத்திலும் நிற்கும் என்று முடிவு கட்ட முடியாது.

இத்தனையையும் பிரித்துச் சொல்லும் சாட்சி உடைந்த பேரிங்தான். சுமை விழும் பக்கத்தில் மட்டும் செதில் செதிலாக உரிந்திருந்தால் மிகைச்சுமை. நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் போகவில்லை. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கோணம் தவறு. ஊசிகளின் இடைவெளியிலேயே பள்ளங்கள் வரிசையாக இருந்தால் அறை வாங்கியிருக்கிறது. முழுதாகத் தூளாவதற்கு முன் கழற்றினால்தான் இது தெரியும். ஆகவே டாப்பெட் இடைவெளி திடீரெனக் கூடும்போதே திறந்து பார்ப்பது மேல்.

கரியாலூர் மெக்கானிக்கிடம் சோதனைக் கருவி ஏது என்று கேட்கலாம். வால்வுத் தண்டு முனையில் மார்க்கர் மையைத் தடவி, கையால் எஞ்சினைச் சுற்றிப் பார்த்தால் ராக்கர் எங்கே உரசுகிறது என்று தெரிந்துவிடும். டிரில்லிங் மெஷினின் கீழ் எடைத் தராசை வைத்து ஸ்பிரிங்கை அழுத்தினால் அதன் விசை தெரியும். முழு லிஃப்ட்டில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா என்பதையும் அங்கேயே பார்க்கலாம். ஒன்றொன்றாகச் சோதிக்க வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார், ஹெட்டை மாற்றுவதே மலிவு என்பது இலங்கைத் தரப்பின் வாதம். ஒருமுறைக்கு அது சரி. மூன்றாம் முறைக்கு அந்தக் கணக்கு நிற்காது; 2020 முதல் வாகன இறக்குமதியை அடைத்து வைத்திருந்த ஆண்டுகளில் அங்கே எதையும் அலட்சியமாகத் தூக்கி எறியும் வசதியும் இல்லை. நம் பக்கத்துச் சிக்கல் வேறு. கம்பெனி வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்ன பிறகு, என்ன கேம், என்ன ஸ்பிரிங் என்பதை மெக்கானிக்கிடமே மறைக்கும் உரிமையாளர்களுக்குக் காரணம் கூடியிருக்கிறது. இரண்டு நாட்டுக்கும் பொருந்தும் வரிசை ஒன்றுதான்: முதலில் கம்பெனி ராக்கரையும் கம்பெனி ஸ்பிரிங்கையும் போட்டு ஓட்ட வேண்டும், நிலைத்தால் கேமை மட்டும் மாற்ற வேண்டும், அதன் பிறகே ஸ்பிரிங். ஒவ்வொரு முறையும் கழற்றிய பேரிங்கைத் தேதியும் கிலோமீட்டரும் எழுதிய பையில் போட்டு வைக்க வேண்டும்.