மலைவழியும் கழற்றிய சிலம்பும்

சங்க அகப்பாடல்களில் உடன்போக்கினைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே முறையை மேற்கொள்வர். அலர் எழுந்தது, தாய் இற்செறித்தாள், அயலார் மணம் பேசி வந்தனர், ஆதலின் தலைவனும் தலைவியும் ஊர் நீங்கினர் எனக் காரணங்களை அடுக்கி, இது காதலின் துணிவு என முடித்து அமைவர். இம்முடிபு பிழையுடையது என யாம் கூறவில்லை. ஆயினும், துணிவு ஒன்றே பொருளாயின், புலவர்கள் போக்கினை மட்டும் பாடி நின்றிருப்பர். போக்கிற்கு முன் நிகழும் ஆராய்ச்சியை இத்துணை விரிவாகப் பாடியிருக்க வேண்டா. எவ்வழிச் செல்வது, எப்பொழுது புறப்படுவது, வழியில் எதனை உண்பது, எதனை வீட்டில் வைத்துச் செல்வது என்னும் வினாக்கள் இப்பாடல்களில் மீண்டும் மீண்டும் எழுகின்றன. இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடைகளைக் கொண்டு, உடன்போக்கின் சுமை யாண்டு உள்ளது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மலை பாலையாதல்

நால்வகை நிலத்திற்கும் தெய்வம் வகுத்த தொல்காப்பியர் பாலைக்குத் தனிநிலம் வகுத்திலர். உடன்கொண்டு போதலாகிய கொண்டுதலைக்கழிதலை அகத்திணையியலுள் பிரிவின்பாற் படுத்துக் கூறினார். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை எனப் படிவம் கொள்ளும் என்பதைப் பின்னர் இளங்கோவடிகள் காடுகாண் காதையில் விளங்கக் கூறினார். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். தினைப்புனமும் அருவியும் சுனையும் உடைய மலை, களவிற் கூடிய காதலர்க்குக் குறிஞ்சி. அதே மலையின் மறுசரிவு, ஊர் நீங்கிச் செல்லும் அவர்க்குப் பாலை.

எனவே உடன்போக்கு மலையழகினை நாடிச் செல்லும் செலவு அன்று. அழகு நிறைந்த மலையைப் பின்னே விட்டுச் செல்லும் செலவு. ஆயின் அவ்வழி எப்போதும் கொடியதாகவே பாடப்பெற்றதோ எனின், இல்லை. இங்கேயே முதற்சிக்கல் தோன்றுகின்றது.

2. ஒரு வழிக்கு மூன்று தோற்றம்

பாலை பாடிய பெருங்கடுங்கோவின் மூன்று பாடல்களை ஒருங்கு வைத்து நோக்குவோம். குறுந்தொகை 124 ஆம் பாடலில் தோழி, உடன்கொண்டு செல்லத் தயங்கும் தலைவனை நோக்கிப் பேசுகின்றாள். காடு இன்னாதது என்கிறான் அவன். அவள் அதனை மறுக்கவில்லை. உமணர் தங்கி நீங்கியபின் பாழ்பட்ட ஊர் போன்றது அவ் ஓமைக்காடு என அவளே ஒப்புகின்றாள். பின்னர், தனித்திருப்பார்க்கு வீடு மட்டும் இனியதோ எனத் திருப்பி வினவுகின்றாள்.

நற்றிணை 9 ஆம் பாடலில் தலைவன் தலைவியோடு வழியில் நிற்கின்றான். நிழல் கண்ட இடமெல்லாம் தங்கலாம், மணல் கண்ட இடமெல்லாம் விளையாடலாம், வருந்தாது நடப்பாயாக என்கின்றான். குயில் கூவும் குளிர்ந்த பொழில்களும், அடுத்தடுத்துச் சிற்றூர்களும் உடையதாம் அவ்வழி. குறுந்தொகை 262 ஆம் பாடலிலோ வழி இன்னும் தொடங்கவில்லை. வானைத் தொடும் மலைச்சாரலில், கரும்பு நட்ட பாத்தி போன்ற யானையின் அடிச்சுவட்டில் தேங்கிய நீரை, நெல்லிக்காய் தின்ற வாயால் தலைவனோடு பருகுதல் எண்ணத்தில் நிகழ்கின்றது.

புலவர் ஒருவரே, பொருளும் உடன்போக்கே. வழி மட்டும் ஓரிடத்துப் பாழூராகவும், ஓரிடத்துப் பொழிலாகவும், ஓரிடத்துச் சுனையற்ற சாரலாகவும் தோன்றுகின்றது. இதனை நிலவேறுபாடு எனக் கொள்வார்க்கு விளக்கம் கிடையாது. பேசுவோர் முடிவின் எப்படியில் நிற்கின்றனர் என்பதே வேறுபாட்டிற்குக் காரணம் என்பது எம் கருத்து. முடிவு செய்யாதவனுக்கு வழி தடையாகின்றது. முடிவு செய்விப்பவள் தடையை ஒப்புக்கொண்டு வீட்டின் கொடுமையை எதிர்நிறுத்துகின்றாள். முடிவு செய்து நடப்பவன் உடன்வருவாளின் அடி நோவாதிருக்க நிழலையும் மணலையும் எண்ணிச் சொல்கின்றான். ஆகவே இப்பாடல்களின் மலைவருணனை வெறும் காட்சியன்று. அது வழக்காடும் உரை.

ஔவையாரின் குறுந்தொகை 388 ஆம் பாடல் இதற்கு மேலும் சான்றாகும். நீர்க்கால் ஓரத்துக் குவளை கோடைக்காற்று வீசினும் வாடாது. அதுபோல நும்மொடு வரின் கானமும் இவட்கு இனிதாம் என்கின்றாள் தோழி. ஆயினும் அக்கானத்தில் உலர்ந்த கிளையைப் பிளக்கும் வலியற்று யானை துதிக்கையை மடித்து வருந்துவதை அவள் மறைக்கவில்லை. குறுந்தொகை 262 இல் யானையின் அடிச்சுவடு நீர் தருகின்றது. இங்கே அவ்யானையே நீரின்றி மெலிகின்றது. மேலும், இப்பாடலில் உலர்ந்த மரங்களுக்கு உவமையாவது உமணரின் வண்டிநிரை. 124 ஆம் பாடலிலும் உமணரே உவமைக்குள் வந்தனர். அவ்வழியைக் கூட்டமாகவும் ஆயத்தத்தோடும் கடப்பவர் உப்பு வணிகராகிய அவர்களே. வண்டியும் எருதும் துணையும் உடையார் செல்லும் வழியில் இருவர் மட்டும் செல்லவிருக்கின்றனர் என்பதை அவ்வுவமை சொல்லாமற் சொல்கின்றது. இன்னாமையை மறைத்து இனிமை கூறுதல் ஏமாற்றாகும். இன்னாமையைச் சொல்லியபின் இனிமை கூறுதலே உண்மையான உடன்பாட்டிற்கு வழியாகும். தோழியின் சொல்லுக்குள்ள மதிப்பு இதனாற் பிறந்தது.

3. ஆராய்ந்தவர் யார்?

குறுந்தொகை 262 இல் பேசுவோர், ஊர் அலர் தூற்றுக, அறமில்லாத அன்னை தன் மனையில் தானே இருக்க என உதறிவிட்டு, ‘யான்’ எனத் தன்மையிற் கூறி, நீர் பருகுதலை ஆராய்ந்ததாக மொழிகின்றார். துறைக்குறிப்பு இதனை உடன்போக்கு நேர்ந்த தோழி தலைவிக்கு உணர்த்தியதாகக் கூறும். ஆயின் நெல்லி தின்று தலைவனோடு நீர் பருகவிருப்பவள் தலைவியல்லளோ? குறிப்பினை நீக்கிப் படிப்பின் இது தலைவி கூற்றாகவே தோன்றும். துறைக்குறிப்புகள் பாடிய புலவர் எழுதியவை அல்ல; தொகுத்தோர் காலத்தோ அதன்பின்னோ சேர்ந்தவை. ஆகலின் அவற்றை ஏற்பதும் விடுப்பதும் படிப்போர் ஆராய்ச்சிக்கு உரியன.

இவ்விடத்துக் குறிப்பினை விடுத்தல் எளிது. ஏற்றலே பயனுடையது என யாம் கருதுகின்றோம். உலோச்சனாரின் நற்றிணை 149 ஆம் பாடல் நெய்தல் நிலத்தது, மலையோடு தொடர்பில்லாதது. ஆங்கும் ஊர்ப்பெண்டிர் அலர் தூற்ற, அன்னை கோல் கொண்டு அலைக்க, நள்ளிரவில் தேரில் வரும் கொண்கனொடு செல்லுதலை யான் எண்ணினேன் எனத் தோழி தன்மையிலேயே பேசுகின்றாள். எனவே தலைவிக்காக எண்ணிய எண்ணத்தைத் தன்னதாகக் கூறுதல் தோழிக்குரிய ஒரு பேச்சுமுறை எனக் கொள்ளத் தடையில்லை.

இம்முறையின் தேவை யாது? உயிர், நாண், கற்பு என்னும் மூன்றையும் ஒன்றின் ஒன்று உயர்ந்தனவாக நிரல்படுத்தி, கற்பின் பொருட்டுத் தலைவி தலைவன் உள்ள இடத்திற்குச் செல்லுதலையும் களவியல் ஏற்கின்றது. ஏற்பினும், நாணினை முதலில் கடந்து சொல்லைத் தொடங்குவது தலைவிக்கு அரிது. அவ்வரிய முதற்சொல்லைத் தோழி தானே ஏற்றுக்கொள்கின்றாள். வழியையும் உணவையும் நீரையும் அவள் ஆராய்ந்து வைக்க, தலைவி ஆம் எனவோ அன்று எனவோ கூறினாற் போதும். தோழி தலைவியின் முடிவைப் பறித்துக்கொள்ளவில்லை. முடிவு செய்வதற்குரிய இடத்தை அவட்கு அமைத்துத் தருகின்றாள். ‘யான்’ என்னும் சொல்லைத் தலைவிக்கு மாற்றிவிடின் இந்நுட்பம் மறைந்துபோகும்.

தோழியின் பொறுப்பு வழி காட்டுதலோடு முடியவில்லை என்பதை நற்றிணை 10 காட்டும். தலைவியைத் தலைவன் கையில் ஒப்படைக்கும் அவள், காட்டைப் பற்றியோ கள்வரைப் பற்றியோ ஒன்றும் எச்சரித்திலள். இளமை நீங்கி உடல் தளர்ந்து கூந்தல் நரைத்த காலத்தும் இவளைக் கைவிடாதே என்பதே அவள் வேண்டுகோள். அவள் அஞ்சியது மலைவழியை அன்று. வழி முடிந்தபின் வரும் நெடுங்காலத்தை.

4. கழற்றிய சிலம்பு

இத்துணை ஆராய்ச்சியும் ஒரு பாடலில் பயனற்றுப் போகின்றது. அது கயமனாரின் நற்றிணை 12. விடியல் வேளை, தயிர் கடையும் மத்தின் ஒலி வீட்டில் எழுகின்றது. தலைவி பிறர் காணாவாறு தன் காற்சிலம்பினைக் கழற்றி, விளையாடிய பந்தோடு வைக்கச் செல்கின்றாள். இவற்றைக் காணும்தோறும் என் தோழியர் வருந்துவரே என்னும் நினைவு எழுகின்றது. புறப்படுதலை அவள் விரும்பியே இருக்கின்றாள். எனினும் அவள் அடக்கத்தில் நில்லாமல் கண்கள் கலுழ்கின்றன. இதனைத் தலைவனுக்குச் சொல்லித் தோழி போக்கினைத் தடுக்கின்றாள் எனத் துறைக்குறிப்புக் கூறும்.

சிலம்பு கழற்றப்பெற்றது ஒலி எழாமைப் பொருட்டு என்பது வெளிப்படை. ஆயின் சிலம்பு கழித்தல் அக்காலத்து மணத்தோடு தொடர்புடைய நோன்பும் ஆகும். குறுந்தொகை 7 இல் பெரும்பதுமனார் பாடிய கண்டோர், மூங்கிற்காட்டு வழியில் நடப்பவளின் காலில் சிலம்பு இன்னும் இருப்பதைக் கண்டே, இவர் யாரோ, இரங்கத்தக்கார் என்கின்றனர். மணமாகாதவள் என்பதைச் சிலம்பு அறிவித்துவிடுகின்றது. கயமனாரே நற்றிணை 279 ஆம் பாடலில், சிலம்பு கழிக்கும் பேறு பிறர்க்கு உரியதாய்ப்போக மகள் சென்றதை எண்ணித் தாய் இரங்குவதைப் பாடினார். ஐங்குறுநூறு 399 ஆம் பாடலிலோ, தலைவன் மனையில் சிலம்புகழி நோன்பு நிகழ்வதைக் கேட்ட நற்றாய், அது அங்கே நிகழ்ந்தாலும் வதுவையேனும் எம் மனையில் நிகழட்டும் என அவன் தாய்க்குச் சொல்லியனுப்ப விழைகின்றாள்.

நோன்பு வேறு, ஒலிக்கு அஞ்சிக் கழற்றுதல் வேறு. இரண்டையும் ஒன்றாக்குதல் மிகையன்றோ எனச் சிலர் வினவலாம். இரண்டும் ஒன்று என யாம் கூறவில்லை. ஆயின் அந்நோன்பினை அறிந்த அவையத்தார் முன் இப்பாடல் பாடப்பெற்றபோது, அவர் செவியில் இரண்டாம் பொருள் ஒலியாதிருக்க வழியில்லை. தாய் தன் கையால் பலர் நடுவே கழிக்க வேண்டிய சிலம்பினை, மகள் இருள் நீங்காப் பொழுதில் தானே தனியே கழற்றுகின்றாள். அதனை வைக்கும் இடமோ பந்து கிடக்கும் இடம். சிறுமியின் விளையாட்டும் மணமகளின் சடங்கும் ஒரே மூலையில் சேர்ந்துவிட்டன. கண்கள் கலங்கியமைக்கு வேறு காரணம் தேட வேண்டா.

கொடுப்போர் இல்லாவிடினும் உடன்போகிய காலத்துக் கரணம் உண்டு என்பது கற்பியல் விதி. இவ்விதியால் உடன்போக்கு அறத்திற்குப் புறம்பாகாது காக்கப்பட்டது. ஆனால் விதி கரணத்தைத் தந்ததேயன்றிக் கொடுப்போரைத் தரவில்லை. அவ்வெற்றிடத்தையே நற்றிணை 12 மகளின் பக்கம் நின்றும், ஐங்குறுநூறு 399 தாயின் பக்கம் நின்றும் காட்டுகின்றன. ஓதலாந்தையார் தம் பாலைப் பாடல்களுள் தாய் இரங்குதற்கு ஒரு பத்தும், இடைச்சுரத்து உரைத்தலுக்கு ஒரு பத்தும், மீண்டு வருதற்கு ஒரு பத்தும் அடுத்தடுத்து வைத்தமையும் இங்கு எண்ணத்தக்கது. போதலோடு நிகழ்ச்சி முடிந்ததாக அவர் கருதவில்லை.

5. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. உடன்போக்குப் பாடல்களில் மலைவழி இனிதாகவும் இன்னாததாகவும் பாடப்பெறுதல், பேசுவோர் முடிவின் எந்நிலையில் உள்ளனர் என்பதைப் பொறுத்தது. வழியை ஆராயும் பணி தோழியுடையது. அவள் ‘யான்’ எனக் கூறுதல் தலைவிக்கு உரிமை தரும் முறையாகும். வழி, நீர், நிழல் ஆகியவற்றுக்கெல்லாம் விடை கண்ட அவ்வாராய்ச்சி, பந்தருகே வைத்த சிலம்புக்கு விடை காணவில்லை.

உடன்போக்கினைக் காதலின் வெற்றியாக மட்டும் கற்பிப்போர் மாணவர்க்குப் பாதியையே கற்பிக்கின்றனர். தாயின் இரங்கலாக மட்டும் கற்பிப்போரும் அவ்வாறே. போகத் துணிந்தவளின் கண்களே கலங்கின என்று பாடிய கயமனார் இரண்டினையும் ஒருத்தியிடமே வைத்தார். அவளுக்காக வழியெல்லாம் ஆராய்ந்த தோழி, அக்கண்ணீரைக் கண்டதும் தான் வகுத்த செலவைத் தானே நிறுத்தினாள். அவள் ஆராய்ச்சியில் மிகச் சிறந்த பகுதி அதுவே என்பது எம் துணிபு.