97இல் நின்ற ஆட்டம்

2012. தமிழ்நாடு முழுவதும் மின்வெட்டு வாட்டி எடுத்த வருடம். திண்டுக்கல்லில் மாவு அரைப்பது, மோட்டார் போடுவது, பிள்ளைகள் படிப்பது எல்லாமே கரண்ட் இருக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் நடந்தன. என் ஆட்டமும் அப்படித்தான். ராத்திரி கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டால் திரையில் அதே எண் வந்து நிற்கும்: 97/100. பத்து நாளாக அது அசையவில்லை.

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்ற ஆன்லைன் கேமில், சுல்டிராக் என்கிற பனிப் பிரதேசத்தில் நான் முடித்த குவெஸ்டுகளின் கணக்கு அது. குவெஸ்ட் என்றால் கேமுக்குள் இருக்கும் ஒரு பாத்திரம் நம்மிடம் ஒப்படைக்கும் வேலை. ஓநாயைக் கொல், மருந்து கொண்டுவா, காணாமல்போன ஆளைத் தேடு என்று ஆயிரக்கணக்கில் உண்டு. 2004 நவம்பர் 23இல் வெளிவந்த இந்த கேமுக்கு, ஏறக்குறைய 2 வருடத்துக்கு ஒருமுறை எக்ஸ்பான்ஷன் வரும். புது நிலம், புதுக் கதை, புது எதிரி. சுல்டிராக் 2008 நவம்பர் 13இல் வந்த ‘ராத் ஆஃப் தி லிச் கிங்’ காலத்து ஊர். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அடுத்த எக்ஸ்பான்ஷனான ‘கடாக்ளிஸம்’ வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எல்லோரும் புது நிலத்தில் புது டிராகனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நான் ஆளில்லாத பழைய ஊரில் மிச்சம்மீதி வேலையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

90ஐத் தாண்டிய பேட்ஸ்மேன் சதத்துக்கு முன்னால் திணறுவதை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அவருக்காவது பந்து கண்ணுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. குவெஸ்ட் வைத்திருப்பவரின் தலைக்கு மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி மின்னும், அதைப் பார்த்துத்தான் ஆட்டக்காரர்கள் ஓடுவார்கள். நம் லெவல் அந்த ஊரைத் தாண்டி உயர்ந்துவிட்டால் அந்தக் குறி மறைந்துவிடும். அந்த வேலை இனி நமக்குத் தேவையில்லை என்று கேமே முடிவுகட்டிவிடும். திரையின் மூலையில் இருக்கும் சிறு வரைபடத்தின் பூதக்கண்ணாடியைத் தட்டி, ‘குறைந்த லெவல் குவெஸ்டுகளையும் காட்டு’ என்று நாமாகச் சொல்ல வேண்டும். பழைய எக்ஸ்பான்ஷனை முடிக்க இறங்குகிறவருக்கு முதல் பாடமே அந்தப் பொத்தான்தான். அதைத் தட்டியதும் ஊர் முழுக்கக் குறிகள் முளைத்தன. அதில் ஒன்று ஆம்பிதியேட்டர் வாசலில் நின்ற குர்க்தாக்கின் தலைக்கு மேல்.

குர்க்தாக்கை எனக்கு முன்பே தெரியும். 2007இல் வந்த முதல் எக்ஸ்பான்ஷனில், நாக்ராண்ட் புல்வெளியின் ரத்த வளையத்தில் சண்டைக்கு ஆள் பிடித்தவர் அவர்தான். 2008இல் சுல்டிராக்குக்கு வந்தார். 2010இல் ட்வைலைட் ஹைலண்ட்ஸில் கடை விரித்தார். 3 எக்ஸ்பான்ஷனிலும் அவரைப் பார்த்தால்தான் ஆட்டம் முழுமை என்று நினைக்கிறேன். ஒவ்வொரு மைதானத்திலும் எதிரிகள் வரிசையாக வருவார்கள், ஒருவரைவிட அடுத்தவர் பலசாலி. 2008இல் இதற்கு 5 பேர் வேண்டும். ஒருவர் அடி வாங்க, ஒருவர் குணப்படுத்த, மூவர் அடிக்க. அந்த ஐவரைச் சேர்க்க சாட்டில் கூவிக் கூவி ஆட்களைத் திரட்டுவார்கள். முன்பின் தெரியாதவர்கள் அரை மணி நேரம் தோள்கொடுத்து நிற்பார்கள். அவர்களில் சிலர் பிற்பாடு வருடக்கணக்கில் ஒரே கில்டில், அதாவது நிரந்தரக் குழுவில், சேர்ந்து ஆடியதும் உண்டு.

நான் போனது 85ஆம் லெவலில், தனியாக. ஒரு எதிரியை வீழ்த்தினால் ஒரு குவெஸ்ட் கணக்கு. முதல் எதிரி விழ சில நொடிகள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது விழுந்ததும் 100. பட்டயம் திரையில் மின்னியது. பத்து நாள் ஏங்கியதற்கு அந்த வெற்றி மிகச் சின்னதாக இருந்தது, அதற்கான காரணம் அன்று எனக்குப் பிடிபடவில்லை.

இப்போது தெரிகிறது. நாகல்நகர்ப் பக்கம் பூட்டுத் தொழில் பார்ப்பவரிடம் சாவி தொலைந்த பழைய பூட்டைக் கொண்டுபோனால், அவர் சுத்தியலை எடுக்க மாட்டார். துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பார், இரும்பைக் கொஞ்சம் ராவுவார், போட்டுப் பார்ப்பார், மறுபடி ராவுவார். பூட்டு திறக்கும்போது பூட்டும் பிழைத்திருக்கும். நான் அன்று சுத்தியலால் அடித்தேன். பழைய குவெஸ்டை எட்டுப் பத்து லெவல் அதிகம் வைத்துக்கொண்டு முடிப்பது பூட்டை உடைப்பதுதான். கதவு திறக்கும், சாவி வராது.

இதை நியாயமாக ஆட வழி உண்டு. 2020 அக்டோபரில் கேமை நடத்தும் பிளிஸார்டு நிறுவனம் லெவல்களைச் சுருக்கி 120ஐ 50 ஆக்கியது. கூடவே குரோமி என்ற பாத்திரத்தைத் தலைநகரங்களில் நிறுத்தியது. எந்த எக்ஸ்பான்ஷன் காலத்துக்குப் போக வேண்டும் என்று அவளிடம் சொன்னால், அந்த நிலத்தின் எதிரிகள் நம் லெவலுக்கு ஏற்ப வளர்வார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. புள்ளிகள் வெள்ளமாக வந்து லெவல் வேகமாக ஏறும். உச்சவரம்பைத் தொட்டதும் குரோமி நம்மை வெளியே அனுப்பிவிடுவாள். கதை பாதியில் நிற்கும். பழகியவர்கள் அதற்கு ஒரு உபாயம் வைத்திருக்கிறார்கள். ஆர்கிரிமார் நகரில் ஸ்லாட்ஸ், ஸ்டார்ம்விண்ட் நகரில் பெஸ்டன் என்று இருவர் 2009 முதல் நிற்கிறார்கள். 10 தங்கம் கொடுத்தால் நமக்குப் புள்ளி ஏறுவதையே நிறுத்திவிடுவார்கள். லெவல் ஏறாமல் இருக்கக் காசு கொடுப்பதா என்று புதியவர்கள் கேட்பார்கள். என் கணிப்பில், பழைய குவெஸ்டுக்காரர் கேம் முழுவதிலும் செய்கிற மிக நல்ல செலவு அந்த 10 தங்கம்தான்.

ஆட்டத் திறமை என்று பார்த்தால் இந்த வகை ஆட்டத்தில் கைவேகத்துக்கு மதிப்பெண் குறைவு. திண்டுக்கல்லில் இருந்து ஆடுகிறவருக்கு அது நல்ல செய்தி. இந்தியாவில் இந்த கேமுக்கு சர்வர் கிடையாது. சிட்னியில் வந்ததே 2014இல்தான். நாம் விசையைத் தட்டியது கடல்தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். அப்படிப் போய்வரும் நேரம்தான் பிங். என் வீட்டில் அது 200 மில்லி செகண்டுக்குக் கீழே வந்தால் அன்று நல்ல நாள். 25 பேர் சேர்ந்து ஆடும் ரெய்டில் எதிரியின் மந்திரத்தைச் சரியான கணத்தில் முறிக்க வேண்டியவருக்கு அந்தத் தாமதம் எமன். பழைய குவெஸ்டில் அது பெரிதாகக் காயப்படுத்தாது. நம் ஊர் ஆட்டக்காரர் உலகத்தோடு சமமாக நிற்கக்கூடிய களம் இது. அதனால்தான் இதன்மேல் எனக்கு இவ்வளவு பிரியம்.

இங்கே மதிப்பெண் வழித்திட்டத்துக்கு. நீண்ட காலம் குவெஸ்ட் பட்டியலில் 25 இடங்கள்தான் இருந்தன. எதை எடுப்பது, எதை விடுவது, எந்த வரிசையில் முடிப்பது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி இறக்குகிற வண்டிக்காரர் திரும்பும்போது வெறும் வண்டியாக வர மாட்டார். அந்தப் புத்திதான் இங்கே வேண்டும். ஒரு குகைக்கு ஒருமுறை போனால் அங்கே முடிய வேண்டிய 4 வேலைகளும் பட்டியலில் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனால் பனியில் மறுபடி அதே தூரம். 2008இல் இந்தப் பட்டயக் கணக்கு வந்தபோது, அதே எக்ஸ்பான்ஷனின் மற்ற நிலங்களான சோலசார் பேசினுக்கு 75 குவெஸ்ட், ஸ்டார்ம் பீக்ஸுக்கு 100, ஐஸ்கிரவுனுக்கு 140. ஐஸ்கிரவுனைத் திட்டமில்லாமல் ஆடியவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலோர் நூறுக்கு முன்பே சலித்துக் கேமை மூடிவிட்டார்கள்.

கதையைப் படிப்பதும் ஆட்டத்தில் சேர்த்திதான். அதற்கு ட்ராகுருவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கிரிஸ்லி ஹில்ஸ் என்ற நிலத்தில், ஒரு கூண்டுக்குள் அடைபட்ட ட்ரோல் இனத்தவனாக முதலில் அறிமுகமாகிறான். கையைக் கீறி ரத்தம் தோய்ந்த கையால் அவனோடு கைகுலுக்க வேண்டும். பிறகு அவன் கேட்கிற ஒவ்வொரு பொருளாகத் தேடிக் கொடுக்கிறோம். அவன் பேச்சில் நகைச்சுவை இருக்கும், நம்மை நண்பன் என்பான். கடைசியில் ட்ராக்தாரன் கோட்டைக்குள் இறங்கி அங்கிருப்பவனைக் கொன்று ட்ராகுருவை அழைத்தால், கூடவே முதன்மை எதிரியான லிச் கிங்கும் வந்து அவன் தலையில் பதவியைச் சூட்டுகிறான். அத்தனை மணி நேரம் நாம் உழைத்தது எதிரிக்காக.

கிளிக் செய்து கிளிக் செய்து ஓடியவருக்கு இது வெறும் 10 சொச்சம் குவெஸ்ட். வரிக்கு வரி படித்தவருக்கு நெஞ்சில் அடி விழும். ஆட்டமும் அங்கே முடிவதில்லை. அடுத்த நிலமான சுல்டிராக்கில் மாறுவேடம் போட்டு அதே ட்ராகுருவிடம் வேலைக்குச் சேர்கிறோம். பகலில் அவன் கொடுக்கிற வேலை, மறைவில் ஸ்டெஃபான் என்ற பாத்திரம் கொடுக்கிற உளவு வேலை. இந்த முறை துரோகம் செய்வது நாம். இரண்டு நிலங்களில் பரந்து, நடுவில் ட்ராக்தாரன் கோட்டை என்ற டஞ்ஜனும் வைத்துப் பின்னிய இந்தத் தொடரை ஆட்ட வடிவமைப்பில் ஒரு முழு டெஸ்ட் மேட்ச் என்பேன். குறை ஒன்று உண்டு. நடுவில் இருக்கும் அந்த டஞ்ஜனுக்கு 5 பேர் வேண்டும். கூட்டாளிகளைத் தானாகச் சேர்த்துக்கொடுக்கும் வசதி 2009 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் ஆள் கிடைக்காமல் எத்தனையோ பேருக்கு ட்ராகுரு கடைசிவரை நல்லவனாகவே நின்றுபோயிருப்பான்.

என் கோபம் வேறிடத்தில் இருக்கிறது. 2010 நவம்பரில், கடாக்ளிஸம் வருவதற்கு முன், பழைய உலகத்தின் நிலங்களையே உடைத்து மாற்றினார்கள். தவுசண்ட் நீடில்ஸ் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கியது. பேரன்ஸ் இரண்டாகப் பிளந்தது. அங்கிருந்த பழைய குவெஸ்டுகள் போயின. நிலம் மாறியதைக்கூட ஏற்றுக்கொள்ளலாம், கதையைப் பாதியில் வெட்டியதை ஏற்க முடியவில்லை. ட்ராகன்பிளைட்டில் ராத்கேட் போர் என்று ஒன்று உண்டு. கேமின் இரு தரப்பு வீரர்களும் லிச் கிங்கை எதிர்த்து நிற்கும்போது மேலிருந்து விஷக் கொள்ளைநோய் பொழியும். அந்தக் காட்சிப்படம் 2008இல் எல்லோரையும் உலுக்கியது. அதற்குப் பதிலடியாக அண்டர்சிட்டி நகரத்தை மீட்கும் போர் தொடர்ந்து வரும். கடாக்ளிஸத்தோடு அந்தப் பதிலடியை மட்டும் நீக்கிவிட்டார்கள். பிறகு வந்தவர்களுக்கு அடி விழுவது தெரியும், திருப்பி அடித்தது தெரியாது. பாண்டாரியா எக்ஸ்பான்ஷன் காலத்தில் பல மாத உழைப்பு கேட்ட அங்கித் தொடரும் 2014இல் இப்படியே மறைந்தது. ‘கிளாசிக்’ என்ற பெயரில் பழைய பதிப்புகளைத் திரும்பத் திறந்தபோது, 2022இல் அண்டர்சிட்டிப் போரும் திரும்பி வந்தது. அதற்கு நன்றி. ஆனால் பிரதான கேமில் அந்த ஓட்டை இன்னும் ஓட்டையாகவே கிடக்கிறது. கோட்டைச் சுவரில் பெயர்ந்த கல்லைத் திருப்பி வைக்காமல் விட்டதைப் பார்க்கிற வருத்தம் எனக்கு.

காசு விஷயமும் சொல்லிவிடுகிறேன். மாதச் சந்தா 14.99 டாலர். நம் ஊரில் இது லேசான தொகை இல்லை. 2018 ஜூலைக்குப் பிறகு பழைய எக்ஸ்பான்ஷன்களைத் தனியாக வாங்க வேண்டியதில்லை, சந்தாவுக்குள்ளேயே வந்துவிடும். 20ஆம் லெவல் வரை ஆட ஒரு காசும் வேண்டாம்.

அந்த இலவசக் கணக்கில்தான் எங்கள் தெருத் தம்பி ஒருவன் போன மாதம் என் மேஜையில் உட்கார்ந்தான். எதைக் காட்டுவது என்று எனக்கு யோசனை இல்லை. நேராக முல்கோர் புல்வெளிக்கு, ப்ளட்ஹூஃப் கிராமத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே அஹாப் என்ற முதியவர் தன் நாய் கைலைக் காணவில்லை என்று நிற்பார். மூளைக் கட்டியோடு போராடிய ஒரு அமெரிக்கச் சிறுவன் 2007இல் பிளிஸார்டு அலுவலகத்துக்குப் போய், தானே உருவாக்கிய குவெஸ்ட் அது. கைல் அவன் வீட்டு நாயின் பெயர். அஹாபின் குரல் அந்தச் சிறுவனுடையது. 2008இல் அவன் இறந்துபோனான். நிலங்களை உடைத்தபோதும் இந்த குவெஸ்டை நீக்கவில்லை.

தம்பியிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. அவன் இறைச்சியைச் சேகரித்துக்கொண்டு வந்து நாயைத் துரத்தினான். நாய் கிராமத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. அவன் விசையைத் தட்டும் நேரத்தில் அது தாண்டிப் போயிருக்கும்.

“அண்ணே, நிக்கவே மாட்டேங்குதுண்ணே.”

“பின்னாடியே ஓடாதடா. நம்ம பிங்குக்கு அது இருக்கிற எடம் பொய். வரப்போற எடத்துல போய் நில்லு.”

கூடாரத்தைச் சுற்றி மறுபக்கம் போய்ப் பாதையின் நடுவில் நின்றான். விரல் விசையின் மேல் தயாராக இருந்தது. நாய் வளைவில் திரும்பியதும் தட்டினான். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கைல் நின்றது, குனிந்து தின்றது.

“அந்தத் தாத்தாகிட்ட போய்ச் சொல்லணுமாண்ணே?”

“ஆமா. ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூட்டி வச்சுக்க.”